ஆளில்லாக் கண்டத்தின் மேல் ஓர் ஓட்டை

அண்டார்க்டிகாவில் ஊர் இல்லை, சந்தை இல்லை, குளிர்பெட்டித் தொழிற்சாலை இல்லை. ஆனால் குளிர்பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த வாயு, ஓசோனை மிக அதிகமாக அழித்தது அந்தக் கண்டத்தின் வானில்தான். அங்குள்ள ஹாலி பே ஆய்வு நிலையத்தின் அளவீடுகளைக் கொண்டு ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985இல் இந்த ஓசோன் ஓட்டையை அறிவித்தார்கள். ஏன் அங்கே?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணுக்கள், ஓசோனில் 3. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் ஆக்சிஜனைப் பிளக்கிறது. பிரிந்த அணு மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. அதுவும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி உடைகிறது, மறுபடி சேர்கிறது. உயிர்களுக்குக் காவல் இந்த ஓயாத உடைதலும் கூடுதலும்தான். ஓசோன் குறைந்து புற ஊதா பி கதிர் கூடுதலாக இறங்கினால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். கடல் உயிர்களின் உணவுக்கு அடித்தளமான மிதவைப் பாசிகளும் பாதிக்கப்படும். இவ்வளவு வேலை செய்யும் ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான்!

குளிர்பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த அந்த வாயுவான குளோரோஃபுளோரோகார்பன் எளிதில் எதனோடும் வினைபுரியாது. அதனாலேயே ஆபத்தற்றது என்று பெயர் வாங்கியது. அதனாலேயே கீழே சிதையாமல் மேலே சென்றது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு அதிலிருந்து குளோரின் பிரியும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். ஓசோனை உடைத்த குளோரின் அணு தான் தீர்ந்துபோவதில்லை; அடுத்த மூலக்கூறுக்குப் போகிறது.

வழக்கமாகக் குளோரினின் பெரும்பகுதி வேறு சேர்மங்களில் கட்டுண்டு கிடக்கும். அண்டார்க்டிகாவின் நீண்ட இரவிலோ, துருவத்தைச் சுற்றி வீசும் காற்றுச் சுழலுக்குள் அடைபட்ட மேல்காற்று மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்து மேகங்கள் உருவாகின்றன. அவற்றின் துகள்கள்மீது நடக்கும் வினைகளில் அந்தக் கட்டு அவிழ்கிறது. செப்டம்பரில் வெயில் திரும்பியதும் அழிவு வேகமெடுக்கிறது.

எந்த ஊரில் கசிந்த வாயுவும் காற்றோடு கலந்து அங்கே சேரும் என்பதால், ஒரு நாடு மட்டும் நிறுத்திப் பயனில்லை. இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987இல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தைப் பின்னர் எல்லா நாடுகளும் ஏற்றன. எனினும் பழைய வாயு பல பத்தாண்டுகள் காற்றில் தங்கும். அண்டார்க்டிக் ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகலாம் என்பது 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் புவியைச் சூடாக்குகிறது. அதையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது.