தீராத அரிப்பு, தளராத வளர்ப்பு

ஜெர்மன் ஷெப்பர்டுகளின் தோல் அலர்ஜியை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் அடக்கி வைக்கலாம் - ஊசியைவிட நோட்டுப் புத்தகத்தை அதிகம் நம்பினால்.

இரவு இரண்டு மணி. தெற்கு கொல்கத்தாவின் ஒரு மூன்றாம் மாடிக் குடியிருப்பு. ஹாலின் மொசைக் தரையிலிருந்து 'டக், டக், டக்' என்று சீரான சத்தம். 34 கிலோ எடையுள்ள ஒரு நாய் பின்னங்காலால் காதைச் சொறிய, அந்தக் காலின் மூட்டு தரையில் இடிக்கும் சத்தம் அது. உள்ளறையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் பள்ளி ஆசிரியையான அவர் மனைவியும் விழித்துக் கிடக்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு அவர்களது பெரும்பாலான இரவுகள் இப்படித்தான் கழிந்தன.

நாயின் பெயர் பாகா. வங்காளத்தில் நாய்களுக்குச் சகஜமாக வைக்கப்படும் பெயர். ஜாதி ஜெர்மன் ஷெப்பர்ட். பதினான்காவது மாதத்தில் பாதங்களை நக்க ஆரம்பித்தது. மழைக்காலம் வந்ததும் வயிறு சிவந்தது, காதிலிருந்து புளித்த வாடை அடித்தது, தொடைகளில் முடி கொட்டியது. அருகிலிருந்த கால்நடை மருத்துவர் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். இரண்டே நாளில் அரிப்பு மாயமானது. குடும்பத்துக்குப் பரம திருப்தி. ஆறாவது வாரம் அரிப்பு திரும்பி வந்தது. மீண்டும் ஊசி. மீண்டும் அரிப்பு.

மூன்றாம் வருடம் பாகாவின் உடம்பு ஊதிவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது. லிஃப்ட்டில் அதைக் கண்டால் பக்கத்து வீட்டார் படியில் இறங்கினார்கள், சொறி தொற்றிவிடுமோ என்ற பயத்தில் (அலர்ஜி தொற்றாது). பாருய்ப்பூர் பக்கம் தோட்டம் வைத்திருந்த உறவினர் ஒருவரிடம் நாயைக் கொடுத்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவானது. கடைசி முயற்சியாக வேறொரு மருத்துவரிடம் போனார்கள். அவர் ஊசியை எடுக்கவில்லை. முதலில் கேட்டது, நாய் என்னென்ன சாப்பிடுகிறது என்ற பட்டியலை.

குளிர் நாட்டுக் கோட்டு

இந்தியாவில் பலர் இன்னமும் 'அல்சேஷன்' என்று அழைக்கும் இந்த நாய் 1899-ல் ஜெர்மனியில் உருவான இனம். ராணுவ கேப்டனாக இருந்த மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், ஹோரண்ட் என்ற ஆட்டு மந்தை நாயை மூலமாக வைத்து இதை வளர்த்தெடுத்தார். முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மன் என்ற பெயரே பிரிட்டனில் கசந்ததால் அங்கே 'அல்சேஷன்' ஆனது. மீரட்டில் உள்ள ராணுவப் பயிற்சி மையம் முதல் மாநிலப் போலீஸ் மோப்பப் படைகள் வரை இந்தியா இதை நம்பியிருக்கிறது. வீட்டு வாசலில் கட்டி வைக்க விரும்பாத நகரமும் இல்லை.

புத்தி கூர்மை. ஆனால் தோல் அத்தனை திடமில்லை. அலர்ஜித் தோல் நோய்க்கு அதிகம் ஆளாகும் இனங்களில் இதுவும் ஒன்று. ஸ்வீடனில் இந்த நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் 27-வது குரோமோசோமின் ஒரு பகுதிக்கு இந்த நோயோடு தொடர்பு இருப்பதை 2013-ல் வெளியிட்டார்கள். பரம்பரைச் சொத்தாக வரும் இந்தப் பலவீனத்துடன் நம் ஊரின் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. குளிர் நாட்டுக்காக அமைந்த இரட்டை அடுக்கு ரோமத்தின் அடியில் ஈரம் தங்கினால் பாக்டீரியாவுக்கும் ஈஸ்ட்டுக்கும் கொண்டாட்டம். மெத்தை, சோபா, கம்பளங்களில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளும் ஈரக் காற்றில்தான் பெருகுகின்றன.

ஒவ்வொருவராக விசாரணை

அரிப்பு என்பது நோயல்ல, அடையாளம். அதனால் மருத்துவர் செய்வது கிட்டத்தட்ட போலீஸ் வேலை. முதலில் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சொறிப்பூச்சி இருக்கிறதா என்று அறிய வேண்டும். அது இருந்தால் வைத்தியமே வேறு. அடுத்து தோலிலும் காதிலும் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ மண்டியிருக்கிறதா என்ற சோதனை. பாகாவுக்கு இரண்டுமே இருந்தன. இதைக் கவனிக்காமல் அலர்ஜிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அரிப்பு அடங்காது. அதே போல், சோதிக்காமல் அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும்.

அப்புறம் தெள்ளுப்பூச்சி. உடம்பில் ஒன்றுகூடத் தென்படவில்லை என்று உரிமையாளர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் அலர்ஜி உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் இருப்பது நாயின் மேல் அல்ல, அது படுக்கும் இடத்தில். எனவே பூச்சி மருந்து வருடம் முழுவதும். படுக்கை விரிப்புக்கு வாரந்தோறும் வெந்நீர்.

மூன்றாவது சந்தேகம், சாப்பாடு. நாய்களின் உணவு அலர்ஜியில் அதிகம் அகப்படுபவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. ஒரே வழி, இதுவரை சாப்பிடாத பொருள்களை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. சோறு, கோழி, மீன் முள்ளெடுத்த மிச்சம், பால், பிஸ்கட் என்று வளர்ந்த பாகாவுக்கு ஆட்டிறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் விதிக்கப்பட்டன. வேறு ஒரு பருக்கைகூடக் கூடாது. மாட்டிறைச்சி வாசனை சேர்த்த மாத்திரைகள்கூடத் தடை.

கட்டளையிடுவது சுலபம். வேலைக்காரப் பெண் பாசத்தோடு நீட்டும் பிஸ்கட்டை நிறுத்தவே ஒரு வாரம் ஆயிற்று. ஐந்தாவது வாரம் விஜயதசமி. இனிப்போடு வந்த விருந்தாளி ஒருவர் இரண்டு சந்தேஷ்களைப் பாகாவின் வாயில் போட்டுவிட்டார். நான்காம் நாள் காது சிவந்தது. குடும்பம் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. மருத்துவர் அதைத் துப்பு என்றே எடுத்துக்கொண்டார். ஆனாலும் அவசரப்படவில்லை. எட்டு வாரத்தை முதலிலிருந்து துவக்கி, முடிந்த பிறகு வேண்டுமென்றே பால் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி சிவப்பு. பால் வீட்டுக்குள் வரலாம், பாகாவின் தட்டுக்கு வரக் கூடாது என்று தீர்ப்பானது. கோழி குற்றமற்றது என்று விடுதலையானது.

இருந்தும் பாதி அரிப்பு மிஞ்சியது. எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்த பிறகும் மிஞ்சுவதற்குத்தான் 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்று பெயர். தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை போன்ற, தவிர்க்கவே முடியாதவற்றின் மீது உடம்பு காட்டும் கோபம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் துவங்குகிறது. பிறகு ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது.

ஊசியும் மாற்றும்

ஸ்டீராய்டு வில்லன் அல்ல. அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது சில நாள்களுக்கு மட்டும் மாத்திரையாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் விலை மலிவான நல்ல மருந்து. வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடும்போதுதான் ஆபத்து. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. தாகம், பசி, எடை, தசை இழப்பு, சர்க்கரை நோய் என்று விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

மாற்று மருந்துகள் உண்டு. அரிப்புச் செய்தியை நரம்புக்குப் போகும் வழியிலேயே தடுக்கும் ஓக்லாசிடினிப் என்ற மாத்திரையை அமெரிக்கா 2013-ல் அனுமதித்தது. ஒரு வயதுக்குக் குறைந்த நாய்களுக்கு ஆகாது. லோகிவெட்மாப் என்ற ஊசி நான்கிலிருந்து எட்டு வாரம் வரை பலன் தருகிறது. சைக்ளோஸ்போரின் மெதுவாக, சில வாரங்களில் வேலை செய்கிறது. எடைக்கு ஏற்ற அளவு என்பதால் பெரிய நாய் வைத்திருப்பவரின் பர்ஸ்தான் அதிகம் அடி வாங்கும். எந்தப் பொருள் அலர்ஜி என்று கண்டறிந்து அதையே சிறு அளவுகளில் ஊசியாகச் செலுத்திப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம்.

செலவு குறைவானவை, நேரம் அதிகம் கேட்பவை. குளோர்ஹெக்சிடின் கலந்த நாய் ஷாம்புவை வாரம் ஒரு முறை தடவிப் பத்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். அடிரோமம் வரை ஈரம் போகத் துவட்ட வேண்டும். நடைக்குப் போய் வந்ததும் பாதங்களையும் வயிற்றையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மீன் எண்ணெய் உதவும், இரண்டு மூன்று மாதம் பொறுத்தால். மனிதர்களின் சோப்பு, தரை கழுவும் கிருமிநாசினி, சிலர் இன்றும் பூசும் மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் - இவை எல்லாமே கெடுதல். நாய் நக்கினால் விஷம்.

குட்டி வாங்குவோருக்கும் பங்கு உண்டு. நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் வளர்ப்பவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கின. ஆனால் குட்டியின் தாயும் தகப்பனும் சொறிந்தனவா என்று வாங்குபவர்தான் கேட்க வேண்டும். முடிந்தால் நேரில் பார்க்க வேண்டும். அலர்ஜி உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமலிருப்பதுதான் அடுத்த தலைமுறைக்குச் செய்யக்கூடிய உபகாரம்.

பாகா பாருய்ப்பூர் போகவில்லை. எடை 34-லிருந்து 30-ஆக இறங்கியிருக்கிறது. தொடைகளில் முடி வளர்ந்துவிட்டது. வங்கி அதிகாரி பழைய பேரேட்டுப் பழக்கத்தில் தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறார்: என்ன சாப்பிட்டது, எப்போது குளித்தது, வெளியே மழையா, அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க். மழை துவங்கிய பத்து நாளில் மார்க் ஏறும் என்பதை அந்த நோட்டுதான் மருத்துவருக்குக் காட்டிக்கொடுத்தது. இப்போது ஜூன் பிறப்பதற்கு முன்பே மருந்தைத் துவக்கிவிடுகிறார்கள். நோய் போகவில்லை, போகாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சில இரவுகளில் 'டக், டக்' சத்தம் இன்னமும் கேட்கிறது. ஆசிரியை எழுந்து போய் நாயின் காதைப் புரட்டிப் பார்க்கிறார். கணவர் விளக்கைப் போட்டு நோட்டில் மார்க்கைக் குறிக்கிறார். முன்பெல்லாம் ஒன்பது. இப்போது மூன்று.