படமே வந்து ஓட்டுக் கேட்டது

வீரபாண்டி நேயர்களே, தொகுதிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காம ஒருத்தர் தேர்தல்ல ஜெயிக்க முடியுமா? நம்ம ஆண்டிபட்டியிலேயே ஜெயிச்சிருக்காரே!

1984 டிசம்பர். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உடம்பு சரியில்லாம நியூயார்க்கில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில இருக்கார். ஆண்டிபட்டி வேட்பாளர் அவர்தான். ஆனா பிரசாரத்துக்கு வர வழியில்லை. அவருக்குப் பதிலா படம் வந்துச்சு. அவர் சாப்பிடுறது, பத்திரிகை படிக்கிறதுன்னு ஆஸ்பத்திரியில எடுத்த காட்சிகளை ஊர் ஊரா போட்டுக் காட்டினாங்க. சினிமாவுல வாள் வீசிப் பார்த்த அதே முகம், இப்போ நோயாளியா! எத்தனை பேருக்குக் கண்ணு கலங்கியிருக்கும், நினைச்சுப் பாருங்க. ஓட்டு எண்ணினா, அமோக வெற்றி. அடுத்த பிப்ரவரியில ஊர் திரும்பி, மறுபடியும் முதலமைச்சரா பதவியேத்துக்கிட்டார்.

சின்ன வயசுல மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி நாடகத்துல வேஷம் கட்டினவர் அவர். மேடை, திரை, போஸ்டர், காலண்டர்னு அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஜனங்க சொந்தக்காரரா ஆக்கிக்கிட்டாங்க.

சரி, உங்க வீட்டுச் சுவத்துல இன்னும் எந்தப் பழைய நடிகர், நடிகை படம் தொங்குது? சொல்லுங்க, அவங்க பாட்டாவே போட்டுருவோம்!