பிக்கப் வாகனத்தின் எண்ணெய்த்தொட்டிக் கசிவும் அதனைத் திருத்தும் முறையும்

பளைப் பகுதிக் கமக்காரர் தேங்காயையும் காய்கறிகளையும் சந்தைக்கு அனுப்புவதற்கும், உரம், விதை முதலியவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவதற்கும் பிக்கப் வாகனங்களைப் பயன்படுத்துகின்றனர். வாகனம் இரவில் நின்ற இடத்திற் காலையிலே கரிய எண்ணெய்ப் பொட்டொன்று காணப்படின், அதனைச் சிறு குறையெனக் கருதி விட்டுவிடலாகாது. பத்து விநாடிக்கு ஒரு துளி வீதம் எண்ணெய் சிந்துவதாகவும், இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனவும் கொண்டால், ஒரு நாளில் ஏறக்குறைய 430 மில்லிலீற்றர் எண்ணெய் நிலத்திற் சேரும்.

கசிவினால் விளையும் கேடுகள்

இயந்திரத்தின் அடியிலுள்ள தொட்டியே, மெக்கானிக்குகள் சம்ப் என வழங்குவது. இதிலிருந்தே எண்ணெய் மேலேற்றப்பட்டு உராயும் உறுப்புகளுக்கு அனுப்பப்படுகின்றது. எண்ணெய் குறைந்தால் உறுப்புகள் சூடேறித் தேய்ந்து, ஈற்றில் இயந்திரம் இறுகி நின்றுவிடும். சில நூறு ரூபாவுடன் முடியக்கூடிய வேலை, பல இலட்சம் ரூபாச் செலவாக முடியலாம்.

இரண்டாவது கேடு கிணற்றைச் சாரும். பளையின் மணல் நிலத்தில் மழைநீர் விரைவாகச் சுவறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. குடிப்பதற்கும் பயிருக்கும் நாம் அள்ளுவது இந்நீரையே. நீர் செல்லும் வழியே எண்ணெயும் செல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் மின்னிலையமொன்றின் கழிவெண்ணெயால் அயற் கிணறுகள் மாசடைந்தமை தொடர்பான வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அங்கு சிந்தியது பெருந்தொகை. எனினும் கிணற்றருகே நாள்தோறும் வடியும் சிறிதளவும் நன்மை பயவாது.

கசியும் இடத்தை அறிதல்

தொட்டியின் அடியில் எண்ணெய் தொங்குவதால் தொட்டியே பழுதென முடிவு செய்தல் கூடாது. மேல்மூடி, எண்ணெய் வடிகட்டி, சுழல்தண்டின் சீல் ஆகியவற்றிற் கசியும் எண்ணெயும் வழிந்து அங்கேயே சேரும். ஆதலால், இயந்திரம் குளிர்ந்தபின் அதன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நன்கு துடைத்து உலரவிடுக. சந்தேகமான இடங்களில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுக. பின்னர் சிறிது தூரம் ஓட்டி வந்து, கீழே வெள்ளைக் கடதாசி விரித்து நிறுத்துக. பவுடர் எவ்விடத்தில் முதலில் நனைந்துள்ளதோ அவ்விடமே கசிவின் தொடக்கமாகும்.

மணல் நிலத்திற் கவனிக்க வேண்டியது

ஜக் மாத்திரம் தாங்கிநிற்கும் வாகனத்தின் கீழ் ஒருபோதும் நுழையாதீர். மணலில் ஜக் புதைந்து சரியும். இயலுமாயின் சீமெந்துத் தரையிலேயே வேலை செய்க. இயலாவிடின் தடித்த அகன்ற பலகைகளை விரித்து, அவற்றின்மேல் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி வாகனத்தை அமர்த்துக. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் சுமையில் நொறுங்கும், அவற்றை நம்பலாகாது. உயர்த்தப்படாத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுக.

திருத்தும் முறை

1. வடியாணி: பெரும்பாலான எளிய கசிவுகள் இங்கேயே உண்டாகின்றன. எண்ணெயை வடித்து, ஆணியைக் கழற்றி, பழைய வொசரை நீக்கிப் புதியதை இடுக. ஆணியை அளவுக்கு மேல் இறுக்கினால் புரி அழியும். அலுமினியத் தொட்டிகளில் இது விரைவில் நேரும்.

2. விளிம்பு: தொட்டியைச் சுற்றியுள்ள சிறு ஆணிகள் தளர்ந்திருப்பின், குறுகிய ஸ்பனரால் மெதுவாக இறுக்குக. வலிந்து இறுக்கினால் விளிம்பு வளைந்து கசிவு பெருகும். கஸ்கட் காய்ந்து வெடித்திருப்பின் தொட்டியைக் கழற்ற வேண்டும். பழைய கஸ்கட்டையும் பசையையும் மரத்துண்டினாற் சுரண்டி, இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்திடுக. தகட்டு விளிம்பு வளைந்திருப்பின், தட்டையான மரக்கட்டைமேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்குக. உள்ளேயுள்ள எண்ணெய் வலையையும் கழுவுக. அவ்வாகனத்துக்குரிய புதிய கஸ்கட்டை அல்லது பசையை இட்டு, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளில் ஆணிகளை இறுக்குக. பசையைப் பயன்படுத்தினால், அதன் குழாயிற் குறித்த நேரம் காயவிட்ட பின்னரே எண்ணெய் ஊற்றுக.

3. துருவும் ஓட்டையும்: கடற்காற்றும் உவர்மணலும் இரும்புத் தகட்டை விரைவாகத் துருப்பிடிக்கச் செய்யும். தோட்டப் பாதையிலுள்ள அடிக்கட்டைகளும் கற்களும் தொட்டியிற் பட்டு ஓட்டையை உண்டாக்கும். ஒட்டுப்பசை கராச் வரை செல்ல உதவுமேயன்றி நிலையான திருத்தமாகாது. தொட்டியைக் கழற்றி, எண்ணெய் முற்றாக நீங்கக் கழுவிய பின்னரே ஒட்டுவேலை செய்விக்க வேண்டும்; எண்ணெய் படிந்த தொட்டியில் நெருப்புப் பிடித்தல் கூடும். தகடு பரவலாக அரித்திருப்பின் புதிய தொட்டி பூட்டுதலே சிக்கனம்.

சில வாகனங்களில் இயந்திரத்தை உயர்த்தாமல் தொட்டியைக் கழற்ற முடியாது. அத்தகைய வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே தகும்.

வேலை முடிந்தபின்

அளவுகோலின் இரு குறிகளுக்கிடையே நிற்குமாறு எண்ணெய் ஊற்றுக. இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கசிவையும் அளவையும் மீண்டும் பார்க்குக. ஓடும்போது எண்ணெய் அமுக்க விளக்கு எரிந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துக. வீடு வரை சென்று பார்க்கலாம் என எண்ணுதல் இயந்திரத்தையே இழக்கச் செய்யும்.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை மண்ணிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர். கறையானுக்காக வேலிக்கட்டைகளிற் பூசுவதையும், குப்பையுடன் எரிப்பதையும் தவிர்க்க வேண்டும். மூடியுள்ள கலனிற் சேர்த்து, கழிவெண்ணெய் ஏற்கும் கராச்சில் ஒப்படைக்குக. தரையிற் சிந்தியதை மரத்தூளால் ஒற்றி அள்ளுக. திருத்தம் முடியும்வரை வாகனத்தைக் கிணற்றுக்கு அப்பால் நிறுத்தி, அதன் கீழ்த் தட்டமொன்றை வைக்குக.

வாரம் ஒருமுறை அளவுகோலைப் பார்த்தலும், காலையில் வாகனத்தின் அடியை நோக்குதலும் சில நிமிட வேலையே. இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் கமக்காரர் தம் இயந்திரத்தையும், தம் குடும்பமும் அயலவரும் பருகும் நீரையும் ஒருங்கே காத்தவராவர்.