ரேடாரில் தெரியாத கால் கிலோ

2017 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு விமானத்தின் விமானி, ட்ரோன் போன்ற ஒன்று பறப்பதைப் பார்த்ததாகத் தகவல் சொன்னார். அன்று ஓடுபாதைகள் சிறிது நேரம் மூடப்பட்டன. சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எதுவும் எதன்மீதும் மோதவில்லை. அப்போது தனியார் ட்ரோன் பறக்கவிடுவதற்கு நாடு முழுக்கத் தடை இருந்தது என்பதுதான் விசேஷம். 2014 அக்டோபரிலேயே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்தத் தடையை அறிவித்திருந்தது. தடை காகிதத்தில் இருந்தது. வானத்தில் என்ன இருந்தது என்று கோபுரத்தில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. நம்முடைய உண்மையான சிக்கல் இந்த இருட்டுதான்.

டெல்லி வானத்தில் பருந்துகளுக்கா பஞ்சம், அவை மோதாத மோதலா என்று ட்ரோன் பிரியர்கள் கேட்பார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சொல்வது சரி. பறவை மோதல்கள்தான் மிக அதிகம். ஆனால் பறவை சதையும் மெல்லிய எலும்பும். ட்ரோனில் இருப்பது மோட்டார், கேமரா, லித்தியம் பேட்டரி. அதே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிகச் சேதம் விளைவிக்கும் என்று அமெரிக்க விமானத் துறைக்காக 2017இல் செய்த ஆய்வு காட்டியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையை ஒரு டிஜேஐ மினி ட்ரோன் ஓட்டையாக்கியது; தீ எரியும்போதே அந்த விமானம் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ரக ட்ரோனின் எடை கால் கிலோவுக்கும் கீழே. இயக்கியவர் அதைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் அந்த எடையை ‘நானோ’ என்று வகைப்படுத்தி, ஓட்டுபவருக்கு உரிமம் தேவையில்லை என்கின்றன. பொழுதுபோக்குக்கு என்றால் இரண்டு கிலோ வரைக்கும் அதே சலுகை. விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டராக இருந்த கட்டுப்பாட்டு வளையம் 12 ஆகச் சுருங்கியது. தொழில் வளரட்டும் என்ற நோக்கம் நியாயமானதே. வளையத்தைச் சுருக்கியதிலும் எனக்குப் புகார் இல்லை. இறங்கும் விமானம் பொதுவாக மூன்று டிகிரி சரிவில் வருவதால், 12 கிலோமீட்டருக்கு அப்பால் அது இரண்டாயிரம் அடிக்குக் கீழே இருப்பது அரிது. ஆபத்து கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில், டெல்லி நிலையத்தை ஒட்டிய மகிபால்பூர் மாதிரி வீடுகள் நெருங்கிய இடங்களுக்கு மேலே. அங்கே ஒரு மொட்டைமாடி ட்ரோன் சர்வசாதாரணமாக விமானத்தின் உயரத்தைத் தொட்டுவிடும். அதைத் தடுக்கக்கூடியவை, அனுமதி கிடைக்காமல் ட்ரோனைக் கிளம்பவிடாத மென்பொருளும் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் கருவியும்தான். 2021 விதிகள் இவ்விரண்டையும் பிற்பாடு அறிவிக்கலாம் என்று தள்ளிவைத்தன. சலுகையை முதலிலும் காவலைப் பிறகும் தந்த வரிசைதான் தவறு.

பார்த்ததாகச் சொல்லப்படும் ட்ரோன்களில் பாதி பிரமைதானே என்றும் கேட்கலாம். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில், ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவலால் ஏறத்தாழ ஆயிரம் விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன. இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. ட்ரோனே இல்லை என்று வாதிடுவோரும் உண்டு. இருக்கட்டும், இல்லை என்று நிரூபிக்க வழியில்லாததால்தானே நிலையம் முடங்கியது? சதிகாரன் அந்த ஒலிபரப்புக் கருவியைக் கழற்றிவிடுவான் என்பதும் உண்மை. 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தை ட்ரோன்களால் தாக்கியவர்கள் பதிவு செய்துகொண்டு வரவில்லை. ஆனால் கல்யாண வீடியோ எடுப்பவரும் விடுமுறையில் மாடியேறும் கல்லூரி மாணவரும் சதிகாரர்கள் அல்லர். அவர்களுடைய ட்ரோன்கள் திரையில் பெயரோடு தெரிந்தால், பெயரில்லாமல் வருவதை மட்டும் காவலர்கள் துரத்தலாம். இப்போது இரண்டுக்கும் ஒரே பீதி, ஒரே ஓடுபாதை மூடல்.