கரண்ட் திரும்பி வரும் நேரம்

கோடை மழை இடியோடு பெய்து ஓய்ந்தால், மறுநாள் காலை சித்தூரில் என் கடையைத் திறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று பேர் பையோடு வந்து நிற்பார்கள். பைக்குள் வைஃபை பெட்டி இருக்கும், செட்-டாப் பாக்ஸ் இருக்கும், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை இருக்கும். டி.வி.யைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவருகிறவர்களும் உண்டு. சிலர் தெலுங்கில் சொல்வார்கள், சிலர் தமிழில் சொல்வார்கள். சொல்லும் சேதி ஒன்றுதான்: "கரண்ட் போனப்போ ஒண்ணும் ஆவலண்ணா. வந்தப்போதான் டப்புனு சத்தம் கேட்டுச்சு."

டி.வி., கம்ப்யூட்டர், யு.பி.எஸ். பழுதுபார்ப்பதே எனக்குத் தொழில். எத்தனையோ கருகிய போர்டுகளைப் பிரித்துப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அவர்கள் சொல்வது அப்படியே உண்மை. ஆனால் அதே ஆட்கள் யு.பி.எஸ். வாங்க வரும்போது, "எத்தனை மணி நேரம் நிற்கும்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். இருட்டில் எந்தப் போர்டும் எரிவதில்லை. கரண்ட் இருக்கும்போது அது எப்படி வருகிறது என்பதில்தான் உங்கள் டி.வி.யின் ஆயுள் இருக்கிறது. அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது எனக்கு.

சுவருக்குப் பின்னால் நடப்பது

நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடலாம், 6 சதவீதம் குறையலாம் என்பது விதி. அதாவது சுமார் 216-லிருந்து 244 வரை. ஊருக்குள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. சிக்கல் கரண்ட் போய் வரும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

எங்கள் மாவட்டத்தில் ஏரிப் பாசனம் குறைந்து போர் மோட்டாரை நம்பிய விவசாயம் பெருகிவிட்டது. பல விவசாயிகள் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் யாரும் போய்த் தொடாமலே மோட்டார் ஓடத் தொடங்கும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஒவ்வொரு மோட்டாரும் கிளம்பும்போது இழுக்கும். அந்த லைனில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் சட்டென்று இறங்கி, பிறகு தடுமாறி ஏறும். ட்யூப்லைட் மினுக்மினுக்கென்று அடிப்பது அதனால்தான்.

இதைவிடக் கொடியது நியூட்ரல் அறுந்துபோவது. கம்பத்தில் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்; இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். காற்றிலோ துருவினாலோ நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கிற இரண்டு வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். அதிக சாதனம் ஓடுகிற வீட்டுக்குக் குறைவாகவும், ஒரு டி.வி. மட்டும் ஓடுகிற வீட்டுக்கு அதிகமாகவும் போகும். பாவம், சிக்கனமாக இருந்த வீடுதான் எரியும்.

டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றிலும் உள்ளே வரும் ஏ.சி. மின்சாரம் முதலில் டி.சி.யாக மாறி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்கிறது. 230 வோல்ட் வந்தால் அங்கே 325 வோல்ட் நிற்கும். அந்தக் கெப்பாசிட்டர் தாங்குவது 400 அல்லது 450 வோல்ட். வாசலில் 400 வோல்ட் வந்தால் உள்ளே 565 ஆகிவிடும். 'டப்' என்று வாடிக்கையாளர் கேட்ட சத்தம் இந்தக் கெப்பாசிட்டர் வாய் பிளந்த சத்தமாக இருக்கும். நல்ல சாதனமாக இருந்தால் ஃபியூஸுக்குப் பக்கத்தில் எம்.ஓ.வி. என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் அது தான் கருகி, ஃபியூஸைப் போகவைத்து, மற்றதைக் காப்பாற்றிவிடும். அந்த வில்லை மட்டும் கருகி வந்த போர்டைப் பார்த்தால் எனக்கு மனசு நிம்மதியாகும். செலவு சொற்பம்.

மூன்று பெட்டி, மூன்று வேலை

"வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எதுக்குண்ணா யு.பி.எஸ்.?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சாதாரண வீட்டு இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கும்போது லைனில் வருவதை அப்படியே உங்கள் சாதனத்துக்கு அனுப்புகிறது. கூடினாலும் குறைந்தாலும் அது திருத்துவதில்லை. எல்லை தாண்டினால்தான் பேட்டரிக்கு மாறும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை யு.பி.எஸ். நிலையில் வைத்தால் சுமார் 180-லிருந்து 260 வோல்ட் வரைதான் உள்ளே விடும். மாறுவதும் வேகமாக நடக்கும். சாதாரண நிலையில் வைத்தால் சுமார் 100-லிருந்து 290 வரை எது வந்தாலும் விட்டுவிடும். ஃபேனுக்கும் பல்புக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்கு ஆகாது. எத்தனையோ வீடுகளில் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் பார்த்ததே இல்லை. இன்றைக்கே பாருங்கள்.

கம்ப்யூட்டர் கடைகளில் விற்கும் சின்ன யு.பி.எஸ்.களில் பெரும்பாலானவை லைன்-இன்டராக்டிவ் வகை. அதற்குள் வோல்டேஜ் குறைந்தால் ஏற்றவும் கூடினால் இறக்கவும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஸ்டெபிலைசரும் பேட்டரியும் ஒரே பெட்டியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லைன் கெட்டால் 10 மில்லி செகண்டுக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டரில் இருக்கும் சேமிப்பை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். அணையாது.

மூன்றாவது ஆன்லைன் யு.பி.எஸ். லைனில் வருவதை முழுக்க டி.சி.யாக்கி, மறுபடியும் புதிதாக 230 வோல்ட் செய்து கொடுக்கிறது. மாறும் நேரம் என்பதே கிடையாது. ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனை நிலையம், வங்கி போன்ற இடங்களுக்கு அது வேண்டும். வீட்டுக்கு விலையும் அதிகம், சூடும் அதிகம்.

திருப்பதியில் நெட் சென்டர் வைத்திருக்கும் ஒரு தம்பி, தேவஸ்தானம் 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் விடும் நாளில் ஒரு நிமிடம் கரண்ட் போனாலும் வந்தவர்கள் எல்லாரும் ஏமாந்து போவார்கள் என்று பெரிய இன்வெர்ட்டர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது இது: "பெரிசு வேணாம் தம்பி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு 600 வி.ஏ. யு.பி.எஸ். போடு. வைஃபை மோடத்துக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியா 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போடு." கம்ப்யூட்டர் ஓடியும் மோடம் அணைந்தால் என்ன பயன்? மோடம் இழுப்பது பத்துப் பன்னிரண்டு வாட்தான். உள்ளங்கை அளவு மினி யு.பி.எஸ். அதைச் சில மணி நேரம் தாங்கும்.

600 வி.ஏ. என்பது 600 வாட் ஆகாது. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுத்தால் காகிதக் கணக்கில் 50 நிமிடம் வரும். வேகமாக இழுக்கும்போது ஈய பேட்டரி முழுசாகக் கொடுக்காது, மாற்றும்போதும் நஷ்டம் உண்டு. புதிதில் 20 நிமிடம் நின்றாலே நல்ல பேட்டரி. செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது தாராளம். லேசர் பிரிண்டரையும் ஃப்ரிட்ஜையும் அதில் மாட்டாதீர்கள். ஃப்ரிட்ஜுக்கு, கரண்ட் வந்தபின் சில நிமிடம் தாமதித்துத் திறக்கும் ஸ்டெபிலைசர்தான் சரி.

எர்த் இல்லாத வீடு

எந்தப் பெட்டி வாங்கினாலும் எர்த் இல்லாவிட்டால் பாதிப் பாதுகாப்புப் போய்விடும். மூன்று துளை பிளக் இருந்தும் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகளை இங்கே நிறையப் பார்க்கிறேன். எர்த் பிட் தோண்டியிருப்பார்கள். வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். எங்கள் மண் கோடையில் பாறையாக இறுகிவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. கோடையில் அவ்வப்போது எர்த் பிட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வயர்மேனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

இடிக்கு எந்த யு.பி.எஸ்.ஸும் முழுக் காவல் கிடையாது. திருப்பதியிலிருந்து சித்தூருக்கு வரும் சாலையில் காதங்கி என்ற ஊரில் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ராடார் எங்கள் தலைக்கு மேலே எழும் இடிமேகங்களையும் ஆராய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இந்த வானத்தில் இடிக்குப் பஞ்சமில்லை. மெயின் போர்டில் எஸ்.பி.டி. என்ற மின்னெழுச்சித் தடுப்பானை மாட்டுவது நல்லது. அதைவிட நல்லது, வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே பிளக்கைப் பிடுங்குவது. டி.வி.க்கு வரும் கேபிள், டிஷ் கம்பி, மோடத்துக்கு வரும் லேன் கம்பி இவற்றையும் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கி கேபிளை விட்டுவிட்டவர்களின் டி.வி.கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன.

கரகம்பாடியின் பேட்டரி

இந்தியா முழுக்கப் போகும் பேட்டரிகள் எங்கள் மண்ணில்தான் செய்யப்படுகின்றன. சித்தூர் மாவட்டம் பேட்டமிட்டவைச் சேர்ந்த கல்லா ராமச்சந்திர நாயுடு அமெரிக்காவில் பொறியாளராக இருந்து திரும்பி வந்து, 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் ஆலை எழுந்தது. பிறகு சித்தூர்ப் பக்கமும் வந்தது. அமரான் பேட்டரி அவர்களுடையதுதான். கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். என் வாடிக்கையாளர்களில் பல குடும்பங்களின் சோறு அந்த ஆலையிலிருந்து வருகிறது.

அதே ஆலைகள் பேட்டரியின் மறுபக்கத்தையும் எங்களுக்குக் காட்டின. ஈய மாசைக் காரணம் காட்டி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஏப்ரல் 30-இல் இரண்டு இடத்து ஆலைகளையும் மூடச் சொன்னது. நிறுவனம் உயர்நீதிமன்றம் போய் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது. 2023 ஜனவரி 30-இல் சித்தூர் ஆலையின் டியூபுலர் பேட்டரிப் பிரிவில் பெரிய தீ பிடித்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. டியூபுலர் என்பது நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே நிற்கும் அதே பேட்டரிதான். அதற்குள் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஜை விளக்குப் பக்கத்திலும் மூடிய அலமாரியிலும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எந்தத் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

சூடு பேட்டரிக்கு எதிரி. 25 டிகிரியில் நான்கு வருஷம் உழைக்கும் பேட்டரி, 35 டிகிரியில் இரண்டு வருஷம்தான் உழைக்கும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. திருப்பதிக் கோடை 40 டிகிரியைத் தாண்டுகிறது. மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழே தகரக் கூரைக்கு அடியில் பேட்டரியை வைத்துவிட்டு, "சீக்கிரம் போயிடுச்சு" என்று கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. சின்ன யு.பி.எஸ். பேட்டரியை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். மாட்டிய தேதியை மார்க்கரால் பெட்டியின் மேல் எழுதிவையுங்கள்.

மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டரில் இருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு, சுவரில் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் தொடர்பு இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் விடாமல் கத்தத் தொடங்கினால் பேட்டரி முடிந்தது என்று அர்த்தம். பக்கம் உப்பிய பேட்டரியை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

கழற்றிய பேட்டரியைத் தெருவில் வரும் காயலான்காரரிடம் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கேட்டுக்கொள்கிறேன், உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அவர் ஐம்பது நூறு கூடத் தரலாம். ஆனால் அது உடைபடும் இடத்தில் அமிலம் மண்ணில் ஊற்றப்படுகிறது, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படுகிறது. அந்தப் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சி குன்றும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். பழையதைக் கடையில் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். உங்கள் டி.வி.யைக் காத்த பேட்டரி வேறொருவர் வீட்டுக் குழந்தையைக் கெடுக்க வேண்டாம்.