பிரஷ்ஷில் ரத்தமா? வலி வரும்வரை காத்திருக்காதீங்க!

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ரூமுக்கு வந்ததும் நேராகப் படுக்கை. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு, எப்போது பல் தேய்ப்பது என்பதே குழப்பம்தான். வாஷ்பேசினில் ரத்தம் தெரிந்தாலும், 'பிரஷ் ஹார்டா இருக்கு போல' என்று விட்டுவிடுகிறார்கள் பலர். ஆனால், பெரும்பாலும் அது ஈறு நோயின் முதல் அறிகுறி.

எப்படி ஆரம்பிக்கிறது?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பாக்டீரியா மெல்லிய படலமாகப் படிகிறது. பிரஷ் படாவிட்டால் அது கல் போல இறுகி, காரையாக மாறுகிறது. ஈறு சிவந்து வீங்கி, லேசாகப் பட்டாலே ரத்தம் கசிகிறது.

1965-ல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு, ஆரோக்கியமான 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னது. 10 முதல் 21 நாள்களில் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடியும் தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. அதாவது, இந்தக் கட்டத்தில் முழுமையாகக் குணமாகலாம்.

கண்டுக்காம விட்டா?

அதற்கான பதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது. பிரஷ் பழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாத 480 தமிழ்த் தொழிலாளர்களை லோவின் குழு 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தது. 11% பேருக்கு நோய் முற்றவில்லை. 81% பேருக்கு மெதுவாகவும், 8% பேருக்கு வேகமாகவும் முற்றியது. அந்த 8% பேருக்கு, 35 வயதிலேயே பல்லைப் பிடித்திருக்கும் திசுவில் சராசரியாக 9 மி.மீ. போயிருந்தது. கரைந்த எலும்பு தானாக வளராது. பல் ஆடும்வரை பெரிய வலியும் இருக்காது. அதனால்தான் லீவு போட்டு டாக்டரைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் ரத்தமே வராமல் நோய் ஒளிந்திருக்கும். சர்க்கரை இருந்தாலும் கவனம் தேவை: சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும்.

என்ன செய்யலாம்?

* கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். காலை 8 மணிக்குத் தூங்கப் போனாலும், படுக்கும் முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை, தலா 2 நிமிடம் தேய்த்தால் போதும்.
* சாஃப்ட் பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.
* காரை பிரஷ்ஷுக்குப் போகாது, ஸ்கேலிங்தான் வழி. 'ஸ்கேலிங் பண்ணா பல் ஆடும்' என்பது தவறு. ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருந்திருக்கும், அவ்வளவுதான்.

செலவுக்குப் பயமா?

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களிடம் இ.எஸ்.ஐ.க்காக 0.75% பிடிக்கப்படுகிறது, கம்பெனி 3.25% கட்டுகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் இதில் அடக்கம். காய்ச்சலுக்கு மட்டுமல்ல, பல் சிகிச்சைக்கும் அது உதவும். உங்கள் டிஸ்பென்சரியில், பல் டாக்டர் எங்கே, எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். அடுத்த வீக்லி ஆஃபிலேயே போய்விடுங்கள்.