பத்து வெள்ளிக்கு ஒரு நன்றி

தீபாவளி நெருங்கிவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் கால் வைக்க இடமிருக்காது. கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் அதே கூட்டம்தான். சேலை, வளையல், முறுக்கு மாவு, அகல் விளக்கு என்று பை நிறையும், சட்டைப்பை காலியாகும். இந்த அவசரத்தில், நாம் நடக்கும் சாலையின் பெயரை யாராவது அண்ணாந்து பார்க்கிறோமா?

ஜாலான் துன் சம்பந்தன். முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை என்று அழைக்கப்பட்டது. இப்பெயர் எதற்காக வந்தது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

நாடு 1957இல் சுதந்திரம் அடைந்த காலத்தில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். தோட்டம் போனால் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பிறந்த மண்ணிலேயே போக்கிடம் இல்லாமல் நம்மவர்கள் திகைத்து நின்றார்கள்.

அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். "தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்பதே அது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் மேலும் பல தோட்டங்கள் வந்தன. துன் சம்பந்தன் 1979இல் மறைந்தார். சங்கம் இன்றும் இயங்குகிறது.

தலைவருக்கு நன்றி சொல்லச் சாலை இருக்கிறது. அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர்களுக்கு? விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வாளி சுமந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது. அவர்கள் பெயரில் எந்தச் சாலையும் இல்லை. சிலர் நம் வீட்டு மூலையிலேயே, அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம், பேசத் துணையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நாம் ஒரு காலைப் பொழுதையாவது ஒதுக்க வேண்டாமா?

இந்தத் தீபாவளிக்கு இப்படிச் செய்து பாருங்கள். தலையில் எண்ணெய் வைக்கும் பாட்டியிடம் ஆசி வாங்கியதும் எழுந்து ஓடிவிடாதீர்கள். "எந்தத் தோட்டம் பாட்டி? எந்த வயதில் மரம் வெட்டப் போனீங்க?" என்று கேளுங்கள். சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பழைய பெட்டியில் சங்கப் பங்குப் பத்திரம் கிடந்தால், குப்பை என்று எறியாமல் கோலாலம்பூரில் உள்ள விஸ்மா துன் சம்பந்தனில் விசாரியுங்கள்.

பலகாரத் தட்டு உறவினர் வீட்டோடு நிற்க வேண்டாம். அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மலாய்க்கார அக்காளுக்கும், மாத முடிவில் கடன் கொடுத்த சீனர் கடைக்கும் போகட்டும்.

நன்றி சொல்லக் காசு வேண்டியதில்லை. ஆனால் காலம் வேண்டும். பாட்டி இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.